அடைப்புக்குறிக்குள் ஒரு சொத்து

பழைய 45 சுற்று இசைத்தட்டு ஒன்றைக் கையில் எடுத்துப் பாருங்கள். நடுவில் ஒட்டியிருக்கும் வட்டக் காகிதத்தில் பாட்டின் பெயர் இருக்கும். குழுவின் பெயர் கொட்டை எழுத்தில் இருக்கும். அவற்றுக்கு அருகே அடைப்புக்குறிக்குள், கண்ணை இடுக்கிக்கொண்டு படிக்க வேண்டிய அளவில், ஒன்றோ இரண்டோ பெயர்கள். பாட்டை எழுதியவர்களாம். ரசிகர்கள் பெரும்பாலும் அந்த வரியைப் படிப்பதில்லை. குழுவில் இருப்பவர்கள் வேறு எதையும் படிப்பதில்லை. 1964ல் இங்கிலாந்தின் நியூகாஸிலைச் சேர்ந்த 'தி அனிமல்ஸ்' குழு 'தி ஹவுஸ் ஆஃப் தி ரைசிங் சன்' பாட்டைப் பதிவு செய்தது. அது யார் எழுதியதென்று தெரியாத அமெரிக்க நாட்டுப்பாடல். எழுதியவர் இல்லாத இடத்தில், அதற்குப் புது இசைவடிவம் கொடுத்தவருக்கே ராயல்டி போகும். வடிவம் கொடுத்தவர்களோ ஐந்து பேர். ஹில்டன் வாலன்டைன் கிட்டார் கம்பிகளை ஒவ்வொன்றாகப் பிரித்து மீட்டும் அந்தத் தொடக்கம் இல்லாமல், அலன் பிரைஸின் ஆர்கன் இல்லாமல், எரிக் பர்டனின் அடிவயிற்றுக் குரல் இல்லாமல் அந்தப் பாட்டை யாரும் நினைத்துப் பார்க்க முடியாது. ஆனால் லேபிளில் ஐந்து பெயர்களுக்கு இடம் போதாது, ஒரு பெயரைப் போட்டுக்கொள்ளலாம் என்று சொல்லப்பட்டதாகக் குழுவினர் பின்னாளில் கூறினார்கள். அச்சானது அலன் பிரைஸின் பெயர். பாட்டு பிரிட்டனிலும் அமெரிக்காவிலும் முதலிடம் பிடித்தது. அடுத்த ஆண்டே பிரைஸ் குழுவை விட்டுப் போனார். அந்த ராயல்டி மற்ற நால்வர் பக்கம் வரவே இல்லை.

இதை அந்தக் கால மேனேஜர்களின் தில்லுமுல்லு என்று ஒதுக்கிவிடலாம். அது சரியில்லை. அரை நூற்றாண்டு ராக் இசையின் வழக்குகளையும் பிரிவுகளையும் அடுக்கிப் பார்த்தால், அந்தச் சிறிய வரி திரும்பத் திரும்ப ஒரே வேலையைச் செய்திருப்பது தெரிகிறது. பாட்டு எப்படிப் பிறந்தது என்பதற்கு அது சான்று அல்ல. அது ஒரு பட்டா. நிலத்தில் யார் உழுதார்கள், யார் களை பறித்தார்கள் என்று பட்டா சொல்வதில்லை. யார் பெயரில் இருக்கிறதென்று மட்டும் சொல்லும். அந்தப் பட்டாவில் எத்தனை குறைவான பெயர்கள் இருக்கின்றனவோ அத்தனைக்கு அது இசைத்தட்டுக் கம்பெனிக்கும் பாடல் உரிமையை வாங்கி வைக்கும் பப்ளிஷிங் கம்பெனிக்கும் வசதி. ஒரே ஒருவரிடம் கையெழுத்து வாங்கினால் போதும். பிறகு தகராறு வந்தாலும் ஒரே ஒருவரோடு மோதினால் போதும். இதனால் பெயர் விடுபட்டவர்கள் நஷ்டப்பட்டார்கள் என்பது ஊரறிந்த கதை. பெயர் இடம்பெற்ற அந்த ஒருவரும் இதே காரணத்தால் நஷ்டப்பட்டார் என்பதைத்தான் நாம் கவனிக்கத் தவறுகிறோம்.

முதலில் பணம் எந்த வழியாக வருகிறதென்று பார்க்க வேண்டும். ஓர் இசைத்தட்டில் இரண்டு சொத்துகள் இருக்கின்றன. ஒன்று பாட்டு, அதாவது மெட்டும் வரிகளும். மற்றொன்று அந்த ஒலிப்பதிவு. ஒலிப்பதிவு பெரும்பாலும் கம்பெனிக்குச் சொந்தம். விற்பனையில் ஒரு சதவீதம் குழுவுக்கு. அந்தச் சதவீதமும் உடனே கைக்கு வந்துவிடாது. ஸ்டூடியோ வாடகையும் கொடுத்த முன்பணமும் இன்ன பிற செலவுகளும் அதிலிருந்து கழிக்கப்படும். லட்சக்கணக்கில் தட்டு விற்ற குழு கம்பெனியின் கணக்கேட்டில் இன்னும் கடனாளியாகவே இருப்பது இந்தத் தொழிலில் சர்வ சாதாரணம். பாட்டுக்கான பணம் வேறு பாதையில் வருகிறது. 1909ம் ஆண்டின் அமெரிக்கச் சட்டம், இயந்திரத்தில் ஒலிக்கும் ஒவ்வொரு பிரதிக்கும் பாட்டின் உரிமையாளருக்கு 2 சென்ட் என்று விகிதம் வைத்தது. அது 1978 வரை அதே 2 சென்ட்டாகவே இருந்தது. அற்பத் தொகைதான், ஆனால் முதல் தட்டிலிருந்தே எண்ணத் தொடங்குவார்கள். வானொலியின் கதை இன்னும் விசித்திரம். அமெரிக்காவின் சாதாரண வானொலி நிலையங்கள் பாட்டை எழுதியவருக்குப் பணம் தருகின்றன. பாடியவருக்கும் வாசித்தவருக்கும் இன்றுவரை ஒரு சென்ட்கூடத் தருவதில்லை. ஒரே மேடையில் ஒரே வேர்வை சிந்திய நால்வரில் ஒருவர் மாளிகை வாங்குவதும், இன்னொருவர் அடுத்த கச்சேரி எப்போது என்று கேட்டுக்கொண்டிருப்பதும் இப்படித்தான் நடக்கிறது.

குயீன் குழுவில் 1975ல் நடந்தது இந்தக் கணக்கின் வேடிக்கையான முகம். 'போஹீமியன் ராப்சடி' ஃப்ரெடி மெர்குரி எழுதியது. அந்தத் தட்டின் மறுபக்கத்தில் இருந்தது டிரம்ஸ் வாசித்த ரோஜர் டெய்லர் கார் மோகத்தைப் பற்றி எழுதிய பாட்டு. தட்டை வாங்கியவர்கள் எந்தப் பக்கத்துக்காக வாங்கினார்கள் என்பதைச் சொல்ல வேண்டியதில்லை. ஆனால் ஒரு தட்டு விற்றால் இரண்டு பக்கத்துப் பாட்டுக்கும் ஒரே தொகைதான். மறுபக்கத்தில் யார் பாட்டு வரும் என்பது குழுவுக்குள் எத்தனை பெரிய சண்டையாகியிருக்கும் என்று ஊகிக்கலாம். 1989ல் வெளிவந்த 'தி மிராக்கிள்' தொகுப்பில் அவர்கள் எல்லாப் பாட்டையும் குயீன் என்ற பொதுப்பெயரில் போட்டார்கள்.

நம் திரையிசையில் இந்தக் குழப்பம் எழாததற்குக் காரணம் உண்டு. அங்கே இசையமைப்பாளர் ஒருவர், பாடலாசிரியர் ஒருவர். வயலினும் தபலாவும் வாசிப்பவர்கள் கால்ஷீட் கணக்கில் சம்பளம் வாங்கிக்கொண்டு போகிறார்கள். அது நியாயமா என்பது தனிக் கேள்வி. ஆனால் யாரும் அங்கே கூட்டாளி வேஷம் போடுவதில்லை. ராக் குழு தன்னைப் பற்றி உலகத்துக்குச் சொல்லும் கதையே வேறு: நாங்கள் நால்வர், எங்கள் சத்தம் ஒன்று. சுவரொட்டியில் நாலு முகம், பட்டாவில் ஒரு பெயர் என்றால் அந்தக் கதை பொய்யாகிறது.

சட்டம் இந்தப் பொய்க்குத் துணை நிற்கிறது. அதற்குத் தெரிந்த பாட்டு, தாளில் எழுதிய பாட்டு. பியானோவுக்கு எதிரே நோட்டுத் தாளை வைத்து வீட்டில் பாடிய காலத்தில் உருவான இலக்கணம் அது: மெட்டு ஒன்று, வரிகள் இன்னொன்று, மற்றதெல்லாம் வாசிப்பு. ராக் பாட்டு பெரும்பாலும் தாளில் பிறப்பதில்லை. ஒருவர் நாலு கார்டு வாசிக்க, இன்னொருவர் பேஸில் ஓர் ஓட்டம் பிடிக்க, டிரம்ஸ் தாளத்தைத் திருப்பிப் போட, பாட்டு அறைக்குள் திரண்டு வருகிறது. லெட் செப்பலினின் 'ஸ்டெயர்வே டு ஹெவன்' மீது தொடுக்கப்பட்ட வழக்கில் இந்த முரண் அப்பட்டமாகத் தெரிந்தது. அதன் தொடக்கம் 'ஸ்பிரிட்' குழுவின் 'டாரஸ்' என்ற இசைத்துண்டிலிருந்து எடுக்கப்பட்டது என்பது புகார். 2016ல் லாஸ் ஏஞ்சலஸில் உட்கார்ந்த ஜூரிகளுக்கு, ஒப்பிட்டுப் பார்க்க 'டாரஸ்' ஒலிப்பதிவைப் போட்டுக் காட்ட நீதிமன்றம் அனுமதிக்கவில்லை. 1909 சட்டப்படி 1967ல் பதிவு அலுவலகத்தில் கொடுத்த ஸ்வரத்தாள்தான் பாட்டு. உலகம் கேட்ட சத்தம் பாட்டு அல்ல. 2020ல் மேல்முறையீட்டு நீதிமன்றமும் அதையே உறுதி செய்தது. தீர்ப்பின் முடிவு சரியாகவே இருக்கலாம். எனக்கும் அந்தப் புகார் பலவீனமானதாகத்தான் படுகிறது. ஆனால் காதை மூடிக்கொண்டு பாட்டை அளக்கும் முறை அது.

இதற்கு எதிர்த்திசையில் நகர்ந்த ஒரு வழக்கு உண்டு. 'புரோகால் ஹாரம்' குழுவின் 'எ ஒயிட்டர் ஷேட் ஆஃப் பேல்' 1967 மே மாதம் வெளிவந்து பிரிட்டனில் ஆறு வாரம் முதலிடத்தில் நின்றது. கேரி புரூக்கர் இசை, கீத் ரீட் வரிகள் என்று பதிவானது. பாட்டைக் கேட்ட எவருக்கும் முதலில் நினைவுக்கு வருவது புரூக்கரின் குரல்கூட அல்ல. இசைமேதை பாக்கின் சாயலோடு இறங்கி வரும் அந்த ஹேமண்ட் ஆர்கன். அதை அமைத்து வாசித்தவர் மேத்யூ ஃபிஷர். அவர் குழுவில் சேர்ந்தபோது பாட்டின் அடிப்படை வடிவம் தயார். குழுவோடு ஸ்டூடியோவுக்குள் போவதற்கு முன்பே புரூக்கரும் ரீடும் அதன் உரிமையை எசெக்ஸ் மியூசிக் என்ற பப்ளிஷிங் கம்பெனிக்கு எழுதிக்கொடுத்திருந்தார்கள். கவனியுங்கள்: உலகம் கேட்கப்போகும் பாட்டு பிறப்பதற்கு முன்பே அதன் பட்டா கைமாறிவிட்டது. ஆர்கன் பிறகுதான் வந்தது. ஃபிஷர் 1969ல் குழுவை விட்டு விலகினார், பின்னர் திரும்பி வந்தார், மறுபடி விலகினார். 2005ல்தான் வழக்குப் போட்டார்.

லண்டன் உயர் நீதிமன்றம் 2006 டிசம்பரில் அவர் பாட்டின் கூட்டு ஆசிரியர் என்று சொல்லி 40 சதவீதம் கொடுத்தது. 38 ஆண்டு தாமதம் மன்னிக்க முடியாதது என்று 2008ல் மேல்முறையீட்டு நீதிமன்றம் பணத்தை மறுத்தது. 2009 ஜூலை 30 அன்று பிரபுக்கள் சபையின் ஐந்து நீதிபதிகளும் ஒருமனதாக ஃபிஷருக்குச் சாதகமாகத் தீர்ப்பளித்தார்கள். வழக்குத் தொடுத்த நாளுக்கு முந்தைய வருமானத்தில் பங்கில்லை, அதற்குப் பிந்தையதில் உண்டு. இங்கே முக்கியமானது நீதிமன்றம் போட்ட கணக்கு. புரூக்கரும் ரீடும் எழுதியது ஒரு படைப்பு. ஆர்கனோடு சேர்ந்து பதிவான பாட்டு இன்னொரு படைப்பு. இரண்டாவதில் ஃபிஷருக்கு உரிமை உண்டு. குழு வாசித்தபோது பாட்டு மாறியது என்பதைச் சட்டம் ஒப்புக்கொண்ட அபூர்வமான தருணம் அது. அமெரிக்காவில் இதே தாமதம் என்றால் வழக்கு வாசலிலேயே திரும்பியிருக்கும். 'ஒய் டூ ஃபூல்ஸ் ஃபால் இன் லவ்' பாட்டை எழுதியவர்கள் தாங்களே என்று 'டீனேஜர்ஸ்' குழுவின் இருவர் 1992ல் ஜூரிகளிடம் நிரூபித்தார்கள். மூன்றாண்டுக் காலவரம்பு எப்போதோ கடந்துவிட்டது என்று 1996ல் மேல்முறையீட்டு நீதிமன்றம் அதைத் தட்டிவிட்டது. உண்மை நிரூபணமான பிறகும் பட்டா மாறவில்லை.

இனி கம்பெனிகளின் கைக்கு வருவோம். ஆரம்பத்தில் அந்தக் கை கூச்சமே இல்லாமல் நீண்டது. 1955ல் சக் பெர்ரி எழுதிய 'மேபெலீன்' பாட்டில் ஆசிரியர்களாக மூன்று பெயர்கள் இருந்தன. ஒருவர் பெர்ரி. இன்னொருவர் வானொலியில் தட்டுகளைச் சுழலவிட்ட ஆலன் ஃப்ரீட். மூன்றாமவர் ரஸ் ஃப்ராட்டோ, பெர்ரியின் தட்டை வெளியிட்ட செஸ் கம்பெனியோடு தொழில் தொடர்பு வைத்திருந்தவர். பெர்ரி தட்டு அச்சாகி வந்த பிறகுதான் தன் கூட்டாளிகள் யாரென்று தெரிந்துகொண்டார். ஃப்ரீடின் பெயரை நீக்க 1986 வரை ஆயிற்று. பிற்காலத்தில் இத்தனை பச்சையாக யாரும் செய்வதில்லை. அதே காரியத்தை ஒப்பந்த ஷரத்துகள் செய்கின்றன. அமெரிக்க ஒப்பந்தங்களில் வழக்கமாக இடம்பெற்ற ஒரு ஷரத்து, குழுவினரே எழுதிய பாட்டுகளுக்குச் சட்ட விகிதத்தில் முக்கால் பங்குதான் தருவோம், அதுவும் ஒரு தொகுப்புக்குப் பத்துப் பாட்டுக்கு மேல் கிடையாது என்கிறது. வெளியாள் எழுதிய பாட்டு ஒன்று சேர்ந்தால், அவருக்குக் கொடுக்கும் முழு விகிதமும் குழுவின் பங்கிலிருந்தே போகும்.

ஆனால் கம்பெனியின் செல்வாக்கு என்றால் என்னவென்று முழுதாகப் புரிந்துகொள்ள, கலிஃபோர்னியாவின் 'கிரீடன்ஸ் கிளியர்வாட்டர் ரிவைவல்' குழுவை விடச் சிறந்த பாடம் இல்லை. எல் செரிட்டோ என்ற சிற்றூரில் பள்ளிப் பருவத்திலேயே சேர்ந்து வாசித்தவர்கள். ஜான் ஃபோகர்டி, அவருடைய அண்ணன் டாம், பேஸ் வாசித்த ஸ்டூ குக், டிரம்ஸ் வாசித்த டக் கிளிஃபோர்ட். 1964ல் ஃபேன்டசி ரெக்கார்ட்ஸில் சேர்ந்தார்கள். 1967ல் அந்தக் கம்பெனியை சால் ஸேண்ட்ஸ் தலைமையில் சிலர் வாங்கினார்கள். 1969 ஒரே ஆண்டில் குழு மூன்று தொகுப்புகளை வெளியிட்டது. அவர்களுடைய ஐந்து சிங்கிள்கள் அமெரிக்கப் பட்டியலில் இரண்டாமிடம் வரை போயின. அவற்றையும் குழுவின் புகழ்பெற்ற மற்ற பாட்டுகளில் பெரும்பாலானவற்றையும் எழுதியவர், பாடியவர், அமைத்தவர் எல்லாம் ஜான் ஒருவரே. இங்கே எழுத்தாளர் பெயர் யாரிடமிருந்தும் திருடப்படவில்லை. அவர் எழுதினார், அவர் பெயர் போட்டுக்கொண்டார். அதனால்தான் இந்த வழக்கை எடுத்துக்கொள்கிறேன். என் வாதத்துக்கு மிகவும் கடினமான உதாரணம் இதுதான்.

அவர்கள் கையெழுத்திட்ட ஒப்பந்தம் பாடல் உரிமையைக் கம்பெனியின் பக்கம் சேர்த்தது. எதிர்காலத்தில் இத்தனை பாட்டுகள் தந்தே ஆக வேண்டும் என்ற பொறுப்பையும் சுமத்தியது. குழு பெரிய வெற்றி அடைந்த பிறகும் ஒப்பந்தம் திருத்தப்படவில்லை. உள்ளே வேறு புகைச்சல். எழுதுவதிலும் முடிவெடுப்பதிலும் தங்களுக்கு இடமில்லை என்று மற்ற மூவரும் பொருமினார்கள். 1971ல் டாம் வெளியேறினார். 1972ல் குழு கலைந்தது. கம்பெனிக்குப் பாட்டுகள் பாக்கி என்ற கடன் மட்டும் கலையவில்லை. எழுத்தாளராகிய ஜானின் கழுத்தில் அது தொங்கியது. அதிலிருந்து விடுபடுவதற்காக அவர் கிரீடன்ஸ் தட்டுகளில் தனக்கு வரவேண்டிய கலைஞர் ராயல்டியையே விட்டுக்கொடுத்தார். சொந்தப் பாட்டுகளை மேடையில் பாடினால் ஸேண்ட்ஸுக்குப் பணம் போகும் என்பதற்காகப் பல ஆண்டுகள் அவற்றைப் பாடாமலே இருந்தார். 1985ல் 'சென்டர்ஃபீல்ட்' தொகுப்போடு திரும்பி வந்ததும், அதிலுள்ள 'தி ஓல்ட் மேன் டவுன் தி ரோட்' தங்களுக்குச் சொந்தமான 1970ம் ஆண்டுப் பாட்டின் நகல் என்று ஃபேன்டசி வழக்குப் போட்டது. அந்த 1970 பாட்டையும் எழுதியவர் ஃபோகர்டிதான். தன்னைத் தானே திருடியதாக ஒரு மனிதர் கூண்டில் நின்றார். 1988ல் சான் ஃபிரான்சிஸ்கோ நீதிமன்றத்தில் சாட்சிக் கூண்டுக்குள்ளேயே கிட்டாரை எடுத்து இரண்டு பாட்டுகளையும் வாசித்துக் காட்டினார். ஜூரிகள் அவரை விடுவித்தார்கள். வழக்குச் செலவு யார் தலையில் என்ற கேள்வி அமெரிக்க உச்ச நீதிமன்றம் வரை போய், 1994ல் அவருக்குச் சாதகமாக முடிந்தது.

இந்தப் பதினைந்து இருபது ஆண்டுச் சண்டையில் மற்ற மூவரும் எங்கே இருந்தார்கள்? பெரும்பாலும் எதிர்ப்பக்கம். டாம் தன் சொந்தத் தம்பியை விட்டு ஸேண்ட்ஸின் பக்கம் நின்றார் என்பது ஜானின் தீராத மனக்குறை; டாம் 1990ல் இறந்தார். 1993ல் ராக் அண்ட் ரோல் ஹால் ஆஃப் ஃபேமில் குழு சேர்க்கப்பட்டபோது, குக்கையும் கிளிஃபோர்டையும் பார்வையாளர் வரிசையில் உட்காரவைத்துவிட்டு, ஜான் வேறு கலைஞர்களோடு மேடையேறினார். இதைத் துரோகம் என்றோ ஆணவம் என்றோ சொல்லலாம். எனக்கு அது கூட்டல் கழித்தல் கணக்காகவே தெரிகிறது. பாடல் உரிமையில் அந்த மூவருக்கும் ஒரு செங்கல்கூடச் சொந்தமில்லை. அவர்களுக்கு வருமானம் பழைய தட்டுகளின் விற்பனையிலிருந்து. அதைத் தரும் கை கம்பெனியின் கை. கம்பெனியோடு சண்டை நீண்டால் அவர்களுக்கு நஷ்டம். ஜான் ஜெயித்தால் அவர்களுக்கு லாபமில்லை. பாட்டின் ஆதாயம் நால்வருக்கும் பொதுவாக இருந்திருந்தால், ஸேண்ட்ஸ் எதிர்கொண்டிருக்க வேண்டியது நாலு பேரை. எதிர்கொண்டது ஒருவரை.

அப்படியொரு நாலு பேரைச் சந்தித்தால் கம்பெனி என்ன செய்யும் என்பதற்கு டப்ளினின் யூ2 சான்று. 1980ல் ஐலண்ட் ரெக்கார்ட்ஸில் சேர்ந்தபோது அவர்களும் எதையும் பேரம் பேச முடியாத பையன்கள்தான். ஆனால் இசை யூ2 என்று பொதுவில் போட்டு, வருமானத்தையும் சமமாகப் பங்கிட்டார்கள். 1984ல் ஒப்பந்தத்தை நீட்டிக்கும் நேரம் வந்தபோது, கைநிறைய முன்பணம் கேட்பதற்குப் பதில், பாட்டுகளின் உரிமையைத் திருப்பித் தா என்று கேட்டு வாங்கினார்கள். உடனடிப் பணத்தை விட்டு நெடுநாள் சொத்தைக் கேட்கும் பொறுமை நால்வருக்கும் ஒருசேர வருவது, நால்வருக்கும் அதில் பங்கு இருந்தால்தான். பேஸ் வாசிப்பவருக்குப் பாட்டில் பங்கில்லை என்றால் அவர் ரொக்கத்தைத்தான் கேட்பார், கேட்பதும் நியாயம்.

இதற்கு வரும் முதல் மறுப்பு வலுவானது. எழுதுவது என்பது ஒருவருக்கு வாய்த்த திறமை. மற்றவர்கள் வாசிக்கிறார்கள், அவ்வளவுதான். எழுதாதவருக்கு எதற்குப் பங்கு? 'ஸ்பான்டாவ் பாலே' குழுவின் மூவர் 1999ல் கேரி கெம்ப் மீது போட்ட வழக்கில் லண்டன் நீதிபதி கிட்டத்தட்ட இதையே சொன்னார். கெம்ப் பாட்டுகளைத் தன் தலைக்குள் முழுதாக உருவாக்கிக் கொண்டுவந்தார். டோனி ஹேட்லி பாடியதும் ஸ்டீவ் நார்மன் சாக்ஸஃபோன் ஊதியதும் நிகழ்த்துதல், இயற்றுதல் அல்ல. மூவரும் தோற்றார்கள். சட்டப்படி அந்தத் தீர்ப்பில் குறை காண்பது கடினம். ஆனால் அதே வழக்கில் வெளிவந்த இன்னொரு செய்தி உண்டு. கெம்ப் ஆரம்ப ஆண்டுகளில் தன் பாடல் வருமானத்தில் ஒரு பகுதியைத் தானாகவே குழுவுக்குத் தந்துவந்தார், பிறகு நிறுத்தினார். தந்த காலத்தில் குழு ஒன்றாக இருந்தது. யார் இயற்றினார் என்ற கேள்விக்கு நீதிமன்றம் விடை சொல்லலாம். வருமானத்தை எப்படிப் பங்கிடுவது என்பது வேறு கேள்வி. அதற்கு விடை சொல்ல வேண்டியவர்கள் குழுவினர். இரண்டையும் ஒன்றாக்கியதுதான் இந்தத் தொழில் செய்த பெரிய மாயம்.

இரண்டாவது மறுப்புக்கு ஆதாரமும் கிரீடன்ஸிடமிருந்தே வருகிறது. குழுவின் கடைசித் தொகுப்பான 1972ம் ஆண்டு 'மார்டி க்ரா'வில் குக்கும் கிளிஃபோர்டும் தங்கள் பங்குக்கு எழுதினார்கள், பாடினார்கள். விமர்சகர்கள் அதைக் கிழித்துத் தொங்கவிட்டார்கள். சமத்துவம் வந்தால் தரம் போகும் என்பதற்கு இதை இன்றும் காட்டுகிறார்கள். காட்ட வேண்டியது வேறொன்றை. அங்கே பிரிக்கப்பட்டது வருமானம் அல்ல, வேலை. எழுத்தாளர் பெயருக்கு மட்டுமே பணம் உண்டு என்ற ஏற்பாட்டில், பணம் வேண்டுமென்றால் எழுதித்தான் ஆக வேண்டும். எழுத வராதவரும் எழுதுவார். 'ஆர்.ஈ.எம்.' குழு நேர்மாறாகச் செய்தது. யார் எழுதினாலும் நாலு பெயர், நாலு சம பங்கு. அதனால் எந்தப் பாட்டு தொகுப்பில் இடம்பெற வேண்டும் என்பதில் யாருக்கும் சொந்த லாபம் இல்லை. 'எவ்ரிபடி ஹர்ட்ஸ்' பாட்டின் கரு பெரும்பாலும் டிரம்ஸ் கலைஞர் பில் பெர்ரியிடமிருந்து வந்தது. அதற்காக அவர் சண்டை போட வேண்டியிருக்கவில்லை. நல்ல பாட்டு யாரிடமிருந்து வந்தாலும் நால்வருக்கும் நல்லது.

சம பங்கு கையைக் கட்டிப்போடும் என்பதும் உண்மைதான். 'தி டோர்ஸ்' குழு முதல் தொகுப்பிலேயே சொந்தப் பாட்டுகளை எல்லாம் குழுப் பெயரில் போட்டது; 'லைட் மை ஃபயர்' பெரும்பாலும் ராபி க்ரீகருடையது என்றாலும் அப்படித்தான். விளம்பரங்களுக்குப் பாட்டைக் கொடுப்பதென்றால் எல்லோரும் சம்மதிக்க வேண்டும் என்றும் முடிவாகியிருந்தது. பல ஆண்டுகள் கழித்து கேடிலாக் கார் விளம்பரத்துக்கு 1.5 கோடி டாலர் வந்தபோது டிரம்ஸ் வாசித்த ஜான் டென்ஸ்மோர் ஒருவர் மறுத்தார், பேரம் போயிற்று. மற்றவர்களுக்கு ஆத்திரம் வந்ததில் வியப்பில்லை. ஆனால் விலைக்கு வாங்க வந்தவர் திரும்பிப் போக நேர்ந்தது என்பதையும் இதோடு சேர்த்துப் படிக்க வேண்டும். ஒரே பெயர் இருந்திருந்தால் கதவு அத்தனை உறுதியாக இருந்திருக்காது.

எனவே எல்லோரும் கண்ணை மூடிக்கொண்டு சமமாகப் பிரிக்க வேண்டும் என்று சொல்லவில்லை. நேரம்தான் பெரிய விஷயம். நிர்வாணா குழு தொடக்கத்தில் சமமாகவே பிரித்தது. 'நெவர்மைண்ட்' உலகையே வாரிச் சுருட்டிய பிறகு, 1992ல் கர்ட் கோபேன் வரிகளுக்கான முழுப் பங்கும் இசையில் முக்கால் பங்கும் தனக்கு வேண்டும், அதுவும் முன்தேதியிட்டு வேண்டும் என்றார். எழுதியதில் பெரும்பகுதி அவருடையது என்பதை மற்ற இருவரும் மறுக்கவில்லை. அவர்களைக் காயப்படுத்தியது அந்த முன்தேதி. குழு அப்போதே உடையும் நிலைக்குப் போனது. முதல் ஒத்திகையிலேயே முக்கால் என்று பேசியிருந்தால் யாரும் முகம் சுளித்திருக்க மாட்டார்கள். வெற்றிக்குப் பிறகு எழுதும் கணக்கு எதுவும் நியாயமாகத் தோன்றுவதில்லை.

அப்படியானால் கூலிக்கு வந்து வாசிப்பவர்களுக்கும் பங்கு தர வேண்டுமா என்று கேட்பார்கள். சில சமயம், ஆம். 1973 ஜனவரியில் பிங்க் ஃபிளாய்ட் குழு லண்டன் அபே ரோடு ஸ்டூடியோவுக்கு க்ளேர் டோரி என்ற பாடகியை அழைத்தது. வரிகள் கிடையாது. ரிச்சர்ட் ரைட்டின் பியானோ மீது என்ன தோன்றுகிறதோ பாடு என்றார்கள். ஞாயிற்றுக்கிழமை இரட்டைக் கட்டணம், 30 பவுண்டு. அவர் பாடிவிட்டுப் போனார். 'தி டார்க் சைட் ஆஃப் தி மூன்' தொகுப்பில் மனம் பதறவைக்கும் அந்தக் குரல் அவருடையது. முப்பது ஆண்டுகள் ரைட் மட்டும் ஆசிரியராக இருந்தார். 2004ல் டோரி வழக்குப் போட, 2005ல் நீதிமன்றத்துக்கு வெளியே சமரசமானது. இப்போது அந்தப் பாட்டில் இரண்டு பெயர்கள். அவர் பாடிய மெட்டை அவருக்கு யாரும் எழுதிக்கொடுக்கவில்லை என்பதற்கு மேல் ஒரு வாதமும் அங்கே தேவையில்லை.

இன்று இந்தச் சொத்துகளின் விலை ஏறிவிட்டது. பழைய பாட்டுகளைக் கம்பெனிகள் கோடிகளில் வாங்கிக் குவிக்கின்றன. 2024ல் பிங்க் ஃபிளாய்ட் தன் ஒலிப்பதிவுகளையும் பெயரையும் சோனிக்கு ஏறத்தாழ 40 கோடி டாலருக்கு விற்றதாகச் செய்திகள் வந்தன. பாடல் உரிமை அதில் சேரவில்லை. அது எழுதியவர்களிடமே இருக்கிறது. பட்டாவில் யார் பெயர் என்ற கேள்வி இப்போது பேரன் பேத்திகள் வரை போகும். சட்டம் இதில் தலையிட முடியாது என்று கம்பெனிகள் சொல்வதை ஏற்க வேண்டியதில்லை. இந்தியாவில் 2012ல் வந்த பதிப்புரிமைத் திருத்தம், திரைப்பாடலை எழுதியவரும் இசையமைத்தவரும் தங்கள் ராயல்டி உரிமையைத் தயாரிப்பாளருக்கோ இசைக் கம்பெனிக்கோ எழுதிக்கொடுத்துவிட முடியாதபடி செய்திருக்கிறது. பிடுங்க முடியாத பங்கு என்ற கருத்தைச் சட்டத்தில் எழுத முடியும் என்பதற்கு அதுவே போதும்.

ஜான் ஃபோகர்டி 2023 ஜனவரியில், தன் 77வது வயதில், கிரீடன்ஸ் பாட்டுகளின் உரிமையில் பெரும்பான்மைப் பங்கை விலை கொடுத்து வாங்கினார். தான் எழுதிய பாட்டைத் தானே வாங்க அரை நூற்றாண்டு ஆயிற்று. சென்னையிலும் கொழும்பிலும் டொராண்டோவிலும் சொந்தப் பாட்டுகளோடு புதிதாகக் குழு தொடங்கும் தமிழ் இளைஞர்கள் ஒன்றைச் செய்யலாம். ராயல்டி வசூலிக்கும் சங்கத்தில், நம் ஊரென்றால் ஐ.பி.ஆர்.எஸ்.ஸில், ஒரு பாட்டைப் பதியும்போது ஆசிரியர்கள் யார், யாருக்கு எத்தனை சதவீதம் என்று படிவத்தில் எழுத வேண்டும். அந்தப் படிவத்தை மேனேஜரிடம் விட்டுவிடாதீர்கள். பாட்டு ஹிட்டாகும் முன்பே, டிரம்ஸ் வாசிப்பவரையும் பக்கத்தில் உட்காரவைத்துக்கொண்டு நிரப்புங்கள்.